பெருமாளின் பச்சை

பழைய சுவரோவியங்களின் பச்சை பெரும்பாலும் பச்சை மண்ணிலிருந்து வந்தது. இரும்பும் பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த சிலிக்கேட் வகை அது. செலடோனைட், கிளாக்கோனைட் என்ற கனிமங்கள் அதற்கு நிறம் தருகின்றன. தக்காணத்து எரிமலைப் பாறைகளின் துளைகளில் செலடோனைட் படிந்திருக்கும். பூசினால் மெல்லியதாகத்தான் படியும். ஆனால் சுண்ணாம்பின் காரத்துக்கும் வெளிச்சத்துக்கும் அசையாது. சித்தன்னவாசலிலும் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களிலும் பச்சை மண் இருப்பதைச் சென்னை அருங்காட்சியக வேதியியலர் எஸ். பரமசிவன் 1930களில் கண்டறிந்தார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே எழும் மலை எரிமலைப் பாறை அல்ல, சார்னோகைட், நைஸ் என்ற பாறைகள். அதன் பச்சையெல்லாம் இலையின் பச்சை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாள் கையிலுள்ள கிளியும் அப்படித்தான்: மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் அலகு என்று அன்றாடம் புதிதாகக் கட்டப்படுகிறது. மரகதத்தில் ஒரு கிளி செய்து வைத்தால் வேலை ஒரே முறையோடு முடிந்துவிடும். ஏன் அப்படிச் செய்வதில்லை?

பெருமாளின் திருமேனி நித்தியமானது, அது பிரகிருதியால், அதாவது சடப்பொருளால், ஆனதல்ல என்பது ராமானுஜர் மதம். திருமேனியின் பச்சை நிறமும் பார்ப்பவர் ஏற்றிச் சொல்வது அல்ல, அவனுடையதே. அத்வைதம் இங்கே வேறுபடும். அங்கே உருவம் உபாசனைக்காக ஏற்பது. ராமானுஜர் பக்கம் நின்றால், அழியாத நிறத்தை அழியாத கல்லில்தானே காட்ட வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த வாதம் நிற்காது. கல்லும் பிரகிருதிதான், பச்சை மண்ணைச் சுட்டால் சிவந்துவிடும். நித்தியத்துக்கு அருகில் இருப்பதில் கனிமத்துக்கும் இலைக்கும் வேறுபாடே இல்லை. பாகவதம் கூறும் எட்டு வகைப் படிமங்களில் கல்லும் உலோகமும் மணியும் உண்டு. எழுதிய சித்திரமும், மணலும், மனமும்கூட உண்டு. அர்ச்சாவதாரத்தில், அதாவது வழிபடும் திருவுருவில், இறைவன் அடியவர் தரும் பொருளை ஏற்கிறான். பொருளின் ஆயுள் அங்கே கணக்கில் இல்லை. கைங்கரியம், அதாவது தொண்டு, கணக்கில் உண்டு. வாடும் இலைதான் மறுநாளும் கைங்கரியத்துக்கு இடம் வைக்கிறது.

மலைக்கு அப்பால் கேரளச் சுவரோவியங்களில் விஷ்ணு, ராமன் முதலிய சத்துவ குணத்தோர் பச்சையாகவே எழுதப்படுகிறார்கள். அந்தப் பச்சையும் பெரும்பாலும் கனிமமல்ல. அவுரி நீலத்தோடு மரப்பிசின் மஞ்சளைக் கலந்து பெறுவது.

தஞ்சையில் கனிமப் பச்சை நிலைத்தது உண்மைதான். ஆனாலும் நாயக்கர் காலத்தார் அதன்மேல் புதுச் சாந்து பூசித் தங்கள் ஓவியத்தை எழுதினர். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறியும்வரை சோழர் ஓவியம் அந்த அடுக்குக்குக் கீழேயே இருந்தது.