காலி இடமும் காத்திருப்போர் பட்டியலும்

பள்ளியில் இடம் காலியாக இருந்தது. அதே பள்ளியில் சேரக் காத்திருப்போர் பட்டியலில் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. அவர்களைச் சேர்க்க விடாமல் தடுத்தது சமத்துவத்துக்காக வகுக்கப்பட்ட ஒரு விகிதம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில் இது நடந்தது. நல்ல நோக்கம் ஒன்றின் சுமையை யார் தலையில் வைக்கலாம்?

1989-ல் மைலோ ஷெஃப் என்ற சிறுவனின் பெயரை முதலாகக் கொண்டு ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. அப்போது ஹார்ட்ஃபோர்டு நகரப் பள்ளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறுப்பின அல்லது லத்தீன் வம்சாவளிப் பிள்ளைகள். சுற்றியிருந்த புறநகர்களில் பெரும்பாலும் வெள்ளையர்கள். இனத்தால் பிரித்துவைக்கும் எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. ஊரெல்லையே பள்ளி மாவட்டத்தின் எல்லையாக இருந்தது, அதுவே போதுமானதாயிற்று. 1996-ல் மாநில உச்ச நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், இந்த நிலை மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது.

தீர்வாக வந்தவை மேக்னட் பள்ளிகள். அறிவியல், கலை என ஏதேனும் ஒரு துறைக்குச் சிறப்பிடம் தந்து, நகரப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் தாமாக வரவழைப்பவை அவை. விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். கறுப்பின, லத்தீன் மாணவர்கள் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பின்னர் வந்த ஒப்பந்தங்களின் இலக்கு.

அந்த இலக்குக்கு நியாயம் உண்டு. வரம்பே இல்லாவிட்டால் புதிய பள்ளியும் சில ஆண்டுகளில் பழைய பள்ளியைப் போலாகிவிடும். வழக்கு எதற்காகத் தொடுக்கப்பட்டதோ அதுவே தோற்றுப்போகும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும். நூறு இடங்கள் உள்ள சிறிய பள்ளி ஒன்றை எண்ணிக்கொள்வோம். பிற இனத்தவர் இருபது பேர்தான் சேர்ந்தார்கள் என்றால், விகிதப்படி கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் அறுபது பேரையே சேர்க்கலாம். மீதி இருபது இடங்கள் காலி. நாலைந்து குடும்பங்கள் மனம் மாறினாலே பலருடைய வாய்ப்பு போய்விடும்.

புறநகர்ப் பெற்றோரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களுக்கு விருப்பம் இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் நல்ல பள்ளி அவர்கள் ஊரிலேயே இருக்கிறது. நகரப் பிள்ளைக்கோ, தனக்குக் கிடைக்க வேண்டியது பிறருடைய விருப்பத்தின் அளவுக்கே கிடைத்தது. நிலையைச் சரிசெய்யும் பொறுப்பு மாநிலத்துடையது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், பரிகாரத்தின் விலையைக் கொடுத்தவர் அநீதிக்கு ஆளானவரே.

பின்வரும் தலைமுறைக்கு நன்மை விளையும் என்ற வாதம் இதற்குப் போதிய விடையாகாது. பெரியவர்கள் ஒரு கொள்கைக்காகத் தாமே முன்வந்து இழக்கலாம். ஒன்பதாம் வகுப்பு ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் வரும். அதை விட்டுத்தரும்படி அந்தப் பிள்ளையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. காலியாக விட்ட இடத்தில் எவரும் எவரோடும் கலந்து படிப்பதும் இல்லை.

2018-ல் கறுப்பின, லத்தீன் பெற்றோர் சிலரே விகிதத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 2020-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சேர்க்கைக் குலுக்கலில் இனத்துக்குப் பதிலாகக் குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை கணக்கில் வந்தது. வறுமையும் இனமும் ஒன்றல்ல. ஆகவே இதுவும் முழுத் தீர்வு என்று சொல்ல முடியாது. 2022-ல் எட்டப்பட்ட உடன்பாடு இன்னும் நேரான வழியைக் காட்டியது: விரும்பும் ஹார்ட்ஃபோர்டு பிள்ளைகள் அனைவருக்கும் இடம் கிடைக்கும் அளவுக்கு இடங்களைப் பெருக்கும் பொறுப்பை மாநிலம் ஏற்றது.

விகிதத்தைக் கைவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். ஆண்டுதோறும் அதை அளக்க வேண்டும். அது எட்டப்படாவிட்டால் மாநிலம் பதில் சொல்ல வேண்டும், கூடுதல் பள்ளி கட்ட வேண்டும், பேருந்து விட வேண்டும், பாடத்தைச் சிறப்பாக்கிப் புறநகரை ஈர்க்க வேண்டும். அரசின் குறையைக் காட்டும் அளவுகோலாக இருக்கும்வரை விகிதம் நியாயமானது. அதே விகிதத்தைக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், முதல் அநீதியோடு இரண்டாவதும் சேர்ந்துகொள்கிறது.