நோகாதோ?

ஒரு கை இன்னொரு கையைத் தடவுகிறது. அடுத்த காட்சியில் அடிக்கிறது, அதற்கடுத்ததில் தள்ளிவிடுகிறது. முகம் இல்லை, கதை இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், சைக்கோபதி உள்ளவர்கள் என்று மதிப்பிடப்பட்ட 18 குற்றவாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இந்தத் துண்டுப்படங்களைக் காட்டினார்கள். (நம் சினிமா காட்டும் 'சைக்கோ'வை மறந்துவிடுங்கள். இவர்கள் நன்றாகவே பேசிப் பழகக்கூடியவர்கள். இரக்கமும் குற்றவுணர்வும்தான் குறைவு.)

அடிபடும் கையைப் பார்க்கும்போது, நம் கையே அடிபட்டால் இயங்கும் மூளைப் பகுதிகள் நமக்கும் ஓரளவு இயங்குகின்றன. அவர்களிடம் அது மங்கலாக இருந்தது. எதிர்பார்த்ததுதான். பிறகு, அந்தக் கைக்குரியவர் உணர்வதைத் தாங்களும் உணர முயலும்படி சொல்லி, அதே படங்களைத் திரும்பக் காட்டினார்கள். மற்றவர்களோடு இருந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது.

2013இல் வெளியான இந்த முடிவு என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அவனால் முடியவே முடியாது என்றால் ஒருவகையில் மன்னித்துவிடலாம். கண் தெரியாதவன் மேலே மோதினால் யாரும் கோபிப்பதில்லை. முடியும், ஆனால் தானாகச் செய்வதில்லை என்றால்? குற்றம் கூடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போது என் கைகள் நினைவுக்கு வந்தன. நான் மருத்துவமனைத் தாதி. முதல் வாரம் ஊசி ஏற்றும்போது நோயாளியைவிட எனக்குத்தான் அதிகம் வலித்தது. இப்போது வலிப்பதில்லை. தைவானில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்று, குத்தூசி மருத்துவர்கள் ஊசி குத்தும் படங்களைப் பார்க்கையில், மற்றவர்களிடம் வலியோடு தொடர்புடையதாக எழும் மூளை அசைவு அவர்களிடம் எழவில்லை என்று கண்டது. அவர்களுக்கும் மங்கல்தான். ஆனால் அந்த மங்கல் இல்லாமல் எங்களால் வேலை செய்ய முடியாது. ஸ்கேன் படம் அசைவைக் காட்டும். அது எதற்காக அடங்கியது என்பதைக் காட்டாது. 2009இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் ஒரு கொலையாளிக்காக மூளை ஸ்கேனைச் சாட்சியமாக்கி வாதாடினார்கள். ஜூரிகள் கேட்டுவிட்டு மரண தண்டனையே விதித்தார்கள். தண்டனையில் எனக்கு உடன்பாடில்லை. படத்தை அவர்கள் பதிலாக ஏற்காததில் உடன்பாடுண்டு.

அடிப்பது பிழை என்று தெரிய, அடியின் நோவு தெரிய வேண்டியதில்லை. ஆகவே அவனை முழுதாக விடுவிக்க எனக்கு மனமில்லை. ஆனால் 'உணர முயன்றிருக்கலாமே' என்று கேட்கும்போது தயங்குகிறேன். முயல வேண்டும் என்ற எண்ணம், பிறர் நோவு ஏற்கெனவே சற்றுத் தொட்டவனுக்குத்தான் வரும். ஆய்வுக்கூடத்தில் சொல்வதற்கு ஆள் இருந்தது. வெளியே அவனிடம் யார் சொல்வது?

எனக்குச் சொன்னவர் அம்மா. தம்பியைக் கிள்ளினால் அடிக்கமாட்டார், "அவனுக்கு நோகாதோ?" என்பார், அவ்வளவுதான். தானாக வந்தது என்று நான் நம்பியிருந்த இரக்கத்தில் எவ்வளவு அந்தக் கேள்வியால் வந்தது என்று இப்போது பிரித்தறிய முடியவில்லை.

சென்ற மாதம் என் மகள் முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். காயத்தைப் பார்த்தேன், கழுவினேன், கட்டினேன். "அம்மா, நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையே" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.