நாற்பது மீற்றருக்குக் கீழே

வேலை முடிந்து ஏப்ரனைக் கழற்றிய பிறகு என் உடம்பு யாருடையது? இந்தக் கேள்வியை எங்கள் குசினிக்குள் கொண்டுவந்தவர் ஒரு சுவிஸ் சமையற்காரர். லீவு நாட்களில் தூன் ஏரியில் சுழியோடுவது அவருடைய பொழுதுபோக்கு. ஒருநாள் 45 மீற்றர் வரை இறங்கியவர் அவசரப்பட்டு மேலே வந்துவிட்டார். ஆழத்தின் அழுத்தத்தில் உடம்பில் கரையும் நைதரசன், வேகமாக மேலே வந்தால், திறந்த சோடாப் போத்தல் மாதிரிக் குமிழிவிடும். அழுத்த அறையில் வைத்து வைத்தியம் செய்தார்கள். ஆறு கிழமை வேலைக்கு வரவில்லை.

முதலாளி கொதித்தார். அது எதிர்பார்த்ததுதான். எங்கள் ஆட்கள் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. 2009 மே மாதம் நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்து வந்த ஒருவர், "கொழுப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மன்னார்க் கடலில் கயிற்றையும் கல்லையும் நம்பி முத்துக் குளித்தவர்களை நாங்கள் கொழுப்பெடுத்தவர்கள் என்று சொன்னோமா? அந்த ஆபத்தில் யாரோ ஒரு சம்மாட்டிக்குப் பணம் வந்தது. கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் பத்து மணித்தியாலம் நிற்பதையும் யாரும் துணிச்சல் என்பதில்லை. பிறருக்கு உழைத்துக் கொடுக்கும் ஆபத்து கடமை, தனக்காகத் தேடிக்கொள்ளும் ஆபத்து திமிர் என்றால், அது முதலாளியின் கணக்கு. அதை ஏன் நாங்கள் பேசுகிறோம்?

1984 முதல் நடைமுறையிலுள்ள சுவிஸ் விபத்துக் காப்புறுதிச் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தின் 80 வீதம் கிடைக்கும். ஆனால் 'வாக்னிஸ்', அதாவது மிகையான துணிகரம் என்று கருதப்பட்டால் அந்தப் பணம் பாதியாகும். மிக மோசமானதென்றால் ஒன்றுமே கிடைக்காது. 40 மீற்றருக்குக் கீழே சுழியோடுவது 'சூவா'வின் பட்டியலில் இருக்கிறது. வைத்தியச் செலவில் மட்டும் கை வைப்பதில்லை. இன்னொருவரைக் காப்பாற்றப் போய் அடிபட்டால் அது எவ்வளவு துணிகரமானாலும் வெட்டு இல்லை.

மனிதனைச் சுகப்படுத்து, பணத்தை மட்டும் குறை என்கிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. முதலாளிக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமையில் பங்கில்லை. ஆனால் எங்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது. வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கான காப்புறுதிக் காசு பெரும்பாலும் தொழிலாளியின் சம்பளத்தில்தான் கழிகிறது. அந்த ஆறு கிழமையும் அவருடைய அடுப்பைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு பேர்தான். போகாதே என்று சொல்ல எங்களால் முடியாது. 40 மீற்றரோடு நில் என்று கேட்கலாம். திரும்பி வந்த அன்று கேட்டேன். சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

எங்கள் நிலைமை வேறு. 80 வீதத்தில் பாதி 40 வீதம். அதற்குள் இங்கே வாடகை, ஊரில் ஏஜென்சிக் கடன், தங்கச்சியின் படிப்பு. எங்களுடைய லீவு நாளில் பங்கு கேட்பவர்கள் குசினியில் இல்லை, கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். முதலாளிக்குச் சொல்லும் பதிலை அவர்களுக்குச் சொல்ல முடியாது.

ஆனாலும் எங்களுடன் கோப்பை கழுவுகிற பொடியன் ஒருவன் இப்போது அவரிடம் சுழியோடப் பழகுகிறான். 20 மீற்றருக்குக் கீழே போவதில்லையாம். தாய்க்கு இன்னும் சொல்லவில்லை.