மூச்சும் மூளையும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற கடலோரக் கிராமம் சல்லி. கடலை நம்பி வாழும் இத்தகைய ஊர்களில் இறப்பை அறியும் வழி எளிது. மூச்சு அடங்கினால் ஆள் இல்லை. ஆயினும் கடலே இவ்வளவுகோலைப் பொய்ப்பிப்பதுண்டு. நீரில் மூழ்கி மூச்சற்றவராய்க் கரைசேர்க்கப்பட்டவர், உடனே செயற்கைச் சுவாசம் அளிக்கப்படின் மீளக்கூடும். அவகாசம் சில நிமிடங்களே. ஒட்சிசன் கிடையாதபோது மூளைக் கலங்கள் நான்கைந்து நிமிடங்களில் அழியத் தொடங்குகின்றன.

ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள மூளையின் பெரும்பகுதி பெருமூளை. எண்ணமும் மொழியும் நினைவும் அதன்பாற்பட்டவை. பின்புறத்தேயுள்ள சிறுமூளை, ஆடும் தோணியில் நிமிர்ந்து நிற்பவனின் சமநிலையைக் காப்பது. இவற்றின் கீழமைந்த சிறிய மூளைத்தண்டு மூச்சை ஆள்கின்றது. அது அழிந்தபின் மூச்சு தானாக எழாது. எனினும் பொறியொன்று நெஞ்சினுட் காற்றைச் செலுத்துமாயின், தனக்கெனத் துடிப்பாற்றலுடைய இதயம் மேலும் சில காலம் இயங்கும்.

அறவியல் வினா இங்கேதான் எழுகின்றது. மகனின் கை சூடாயிருக்கின்றது. நெஞ்சு ஏறி இறங்குகின்றது. வைத்தியரோ அவன் இறந்துவிட்டான் என்கின்றார். தாய் எதனை நம்புவாள்? அவளது ஐயத்துக்கு வரலாற்றிலும் இடமுண்டு. மனித இதயம் முதன்முதலாக மனிதனுக்கு மாற்றப்பட்டது 1967 டிசெம்பரில், கேப்டவுனில். மூளையை அடிப்படையாகக் கொண்டு இறப்பை வரையறுக்க ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று முற்பட்டது மறு ஆண்டில். தேவைதான் வரையறையைப் பிறப்பித்ததோ என ஐயுறுவோரைக் குறைகூறல் இயலாது. ஆனால் ஒரு கூற்றுப் பயன்தருவதனாலேயே பொய்யாகிவிடாது. இறப்பை உறுதிசெய்பவரும் உறுப்பை மாற்றிப் பொருத்துபவரும் வேறு வேறானவராயிருத்தலே வேண்டப்படுவது. இலங்கையின் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மூளைத் தொழிற்பாட்டின் மீளா இழப்பை இறப்பாக ஏற்கின்றது. இந்தியாவில் 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஒரு மருத்துவர் குழு அதனை உறுதிசெய்தல் வேண்டும்.

கையிலுள்ள சூட்டைச் சட்டம் விளக்காது. 2008 செப்டெம்பரில் விபத்தொன்றின்பின் மூளைச்சாவடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்து, தமிழகத்திற் பலரை அவ்வழியில் ஊக்கிய பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். அச்சொல்லின் பொருளை அவர்கள் அறிந்திருந்தனர். அறியாத தாயிடம் ஒப்பம் கேட்பதோ வேறு. நோயாளியை மூச்சுப்பொறியினின்று சில நிமிடம் பிரித்து, மூச்சுத் தானாக எழுகின்றதா என நோக்கும் சோதனை ஒன்றுண்டு. மூச்சையே உயிரின் அளவாகக் கொண்டவளுக்கு, விரும்பின், அதனை அருகிருந்து காணும் வாய்ப்பேனும் அளிக்கப்படல் வேண்டும்.