வயிற்றில் எரியும் வேள்வித்தீ



தைப்பூசம் நெருங்கும்போது நம்ம பிள்ளைகள் பலர் 48 நாள் விரதம் எடுக்கிறார்கள். அதில் சிலர் இன்னொரு படி மேலே போகிறார்கள். "சைவம் மட்டும் போதாது. பொரித்தது வேண்டாம், வெள்ளைச் சீனி வேண்டாம், டின் உணவு வேண்டாம். தவிடு நீக்காத அரிசி, பயறு, கீரை, பழம், அவ்வளவுதான்" என்று சங்கல்பம் செய்கிறார்கள். ரொம்ப நல்ல சங்கல்பம். சைவம் என்ற பெயரில் வடையும் மாவில் செய்த சைவக் கோழியும் கலர் தண்ணீருமாக 48 நாளை ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் நாலாம் நாள் என்ன நடக்குது? வயிறு மத்தளம் மாதிரி உப்பிடுது. வாயுத் தொல்லை. ஒரு நாள் மலம் போகாது, மறுநாள் நாலு தடவை போகும். மதியம் இரண்டு கை சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும்; மூணு மணிக்கெல்லாம் கொலைப்பசி. எட்டாம் நாள் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முன்னால் உட்கார்ந்தாச்சு. "நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒத்துக்காது, அண்ணே."

அதோடு முடிந்தால் பரவாயில்லை. "முருகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்த முடியலையே, எனக்குப் பக்தி பத்தாது" என்று அந்தப் பிள்ளை மனசுக்குள் குமைகிறான். அதற்குப் பிறகு விரதம் என்றாலே பயந்து ஒதுங்குகிறான். தம்பி, தங்கச்சி, நன்றாகக் கேளுங்கள்: உங்கள் பக்தியில் ஒரு குறையும் இல்லை. தீயை வளர்க்கிற முறைதான் தெரியவில்லை.

எந்தத் தீ? பகவத் கீதை பதினைந்தாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறான்: உயிர்களின் உடம்பில் வைசுவாநரன் என்னும் தீயாக இருந்து, நால்வகை உணவையும் செரிக்க வைப்பவன் நானே என்று. உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது என்பவை அந்த நான்கு. திருவள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தில் பசியைத் தீ என்றே சொல்கிறார். அந்தத் தீயின் அளவு அறியாமல் மிகுதியாக உண்பவனுக்கு நோயும் அளவில்லாமல் வரும் என்பது அவர் எச்சரிக்கை. ஆக, நம் வயிறு ஒரு குப்பைத்தொட்டி இல்லை. அது ஓர் ஓமகுண்டம்.

கோயிலில் ஓமம் வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குருக்கள் எடுத்த எடுப்பில் பெரிய கட்டையைத் தூக்கிப் போடுவாரா? முதலில் கற்பூரம், பிறகு சின்னச் சின்னச் சமித்து, இடையிடையே கொஞ்சம் நெய். தீ நன்றாகப் பிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். பூர்ணாகுதி கடைசியில்தான் வரும். முதல் நாளே பூர்ணாகுதி கொடுத்தால் என்ன ஆகும்? புகைதான் வரும். நாலாம் நாள் உங்கள் வயிற்றில் வந்தது அந்தப் புகைதான்.

இதை இன்றைய அறிவியலும் வேறு வார்த்தையில் சொல்கிறது. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் 1 கிராம் நார்ச்சத்துகூட இல்லை. ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 12 கிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நார்ச்சத்தையும் பயறில் உள்ள சில வகை மாவுச்சர்க்கரையையும் நம் சிறுகுடல் செரிக்காது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அவற்றைப் புளிக்க வைத்து உண்கின்றன. அப்போது வாயு உண்டாகிறது. இத்தனை வருஷம் நாசி லெமாக்கும் மீ கோரேங்கும் பார்த்துப் பழகிய குடலுக்கு ஒரே நாளில் மூன்று மடங்கு நார் வந்தால் அது திணறத்தான் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். உடம்புக்கு ஒத்துக்கலை என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

சரி, எப்படிப் பழக்குவது?

விரதத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் காலைப் பசியாறலை மட்டும் மாற்றுங்கள். கேழ்வரகுக் கூழோ, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, ஒரு வாழைப்பழமோ போதும். மற்ற வேளைகள் வழக்கம்போல் இருக்கட்டும். தே தாரிக் விட முடியலையா? முதலில் 'குராங் மானிஸ்' சொல்லுங்க. பிறகு 'கோசோங்' சொல்லலாம். நாக்கும் சில வாரத்தில் பழகிடும். பழைய இனிப்பு பிறகு திகட்டும்.

இரண்டாம் வாரம் மதியச் சோறு. மூன்று பங்கு வெள்ளை அரிசிக்கு ஒரு பங்கு தவிட்டரிசி. அது ஒத்துக்கொண்டதும் பாதிக்குப் பாதி. தவிட்டரிசியை முன்கூட்டியே ஊற வைத்து, தண்ணீர் கூட விட்டு வேகவையுங்கள். அரைவேக்காடாகச் சாப்பிட்டுவிட்டு அரிசியைத் திட்டக்கூடாது.

மூன்றாம் வாரம் பயறு. பாசிப்பயறில் தொடங்குங்கள், அது லேசு. நாலு கரண்டி வேண்டாம், இரண்டு மேசைக்கரண்டி போதும். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். சீரகம், இஞ்சி, பெருங்காயம் சேர்ப்பதை நம்ம பாட்டிமார் யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே செய்தார்கள். தெம்பேயும் நல்லது; ஏற்கெனவே புளிக்கவைத்த சோயா என்பதால் பலருக்கு எளிதாகச் செரிக்கும்.

ஒன்றை மறக்காதீங்க: தண்ணீர். நார்ச்சத்து கூடி, தண்ணீர் கூடாவிட்டால் மலச்சிக்கல்தான் மிச்சம். நம்ம நாட்டு வெயிலுக்கு இது இன்னும் முக்கியம். சாப்பிட்டதும் கைப்பேசியோடு படுக்காமல் பத்து நிமிஷம் நடங்க.

அடுத்து பசி. கீரை, காய், பழம் எல்லாம் வயிற்றின் இடத்தை அடைக்கும். ஆனால் பொரித்த கோழி கொடுக்கிற அளவுக்குச் சக்தி அதில் இல்லை. அதனால்தான் சீக்கிரம் நிறைகிறது, சீக்கிரம் பசிக்கிறது. இது பலவீனம் இல்லை, வெறும் கணக்கு. மதியச் சாப்பாட்டில் பயறோ தயிரோ, ஒரு பிடி வேர்க்கடலையோ சேருங்கள். மூணு மணிக்குப் பசித்தால் முதலில் ஒரு குவளைத் தண்ணீர் குடித்து, கால்மணி நேரம் பொறுங்கள். பழக்கப்பசி என்றால் அடங்கிவிடும். உண்மைப் பசி என்றால் அடங்காது. அப்போது கொய்யாவோ சுண்டலோ சாப்பிடுங்கள். உண்மைப் பசியைப் பட்டினி போட்டு அடக்குவது தவம் ஆகாது. அதிகம் உண்பவனுக்கும் யோகமில்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகமில்லை என்று கீதையே சொல்கிறது.

நம் பெரியவர்கள் இலை முன் உட்கார்ந்ததும் நீர் சுற்றி, பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என ஐந்து வாயுக்களுக்கும் ஐந்து சிறு கவளம் ஆகுதியாகக் கொடுத்துவிட்டுத்தான் உண்பார்கள். அதையே செய்து பாருங்கள். மந்திரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "முருகா" என்று சொல்லி ஐந்து கவளத்தை நன்றாக மென்று விழுங்குங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். அந்த ஐந்து கவளம் உங்கள் வேகத்தைக் குறைத்துவிடும்.

நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே குடல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றக்கூடாது. மலத்தில் இரத்தம், கடும் வலி, நிற்காத வாந்தி வந்தால் அது பழகும் அவஸ்தை அல்ல. உடனே கிளினிக்குப் போங்க. விரதத்தை நிறுத்தினால் முருகன் கோபிக்க மாட்டான்.

இவ்வளவு பாடு எதற்கு? 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விழுக்காடு இன்னும் அதிகம். நம் வீடுகளில் காலை இழந்த மாமாக்களையும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகும் அத்தைமார்களையும் நமக்குத் தெரியும். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறும் கால்கள் நாற்பது வயதிலும் ஏற வேண்டாமா?

திருமூலர் உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகக் கண்டு அதைப் பேணினார். 48 நாள் முடிந்து 49-ஆம் நாள் அந்தக் கோயிலைப் பூட்டிவிட முடியாது. ஒரு வேளைப் பசியாறலை மட்டுமாவது அப்படியே தொடருங்கள். ஓமம் முடிந்தாலும் வீட்டில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

திருச்சிற்றம்பலம்.