சரமும் சரணாகதியும்



முண்டகோபநிஷத்து ப்ரணவத்தை வில்லாகவும், ஆத்மாவை அம்பாகவும், ப்ரஹ்மத்தை இலக்காகவும் உருவகிக்கிறது. உபாஸனத்தால் அவ்வம்பு கூர்மை பெறவேண்டும் என்றும் காட்டுகிறது. இங்கு நமக்கு ஓர் ஐயம் எழும். கர்மத்தாலே கோணிக்கிடக்கிற நாம், நம்மைச் செவ்வைப்படுத்திக்கொண்ட பின்பே எம்பெருமானைப் பற்றவேண்டுமோ? அன்றி, பற்றினபின் அவனே செவ்வைப்படுத்துவானோ?

அம்பு செய்யும் தொழிலை நோக்கினால் விடை தெளியும். சரம் என்னும் வடசொல் அம்பையும் ஒருவகை நாணலையும் ஒருங்கே குறிக்கும். நாணலேயன்றிக் காட்டுப்புதர்களின் இளங்கொம்புகளும் அம்பின் கோலாகும். அவற்றை வெட்டிக் கட்டாகக் கட்டி நிழலில் மெல்ல உலர்த்துவர். விரைந்து உலர்த்தினால் வெடிக்கும். பின்பு தோலுரித்து, கணுக்களைச் சீவி, வளைந்த இடத்தை அனலில் காட்டி, இளகினபோது கையால் நிமிர்த்தி, ஆறுமளவும் பிடித்திருப்பர். ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் நோக்கி, கோணல் தெரிந்தால் மறுபடியும் அனலில் காட்டுவர். நேரான கொம்பையே அன்றோ தேடி வெட்டுவர் எனில், தேடுவர். ஆயினும் முற்றும் நேரான கொம்பு காட்டில் அரிது. கொம்பு தன்னைத்தான் நிமிர்த்திக்கொள்வதும் இல்லை.

1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில், ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஒருவனுடைய உடல் கிடைத்தது. அவனுடைய அம்பறாத்தூணியில் இருந்த கோல்கள் 14. முனையும் இறகும் பெற்று முடிந்தவை 2, முடியாதவை 12. முடியாதவற்றையும் அவன் எறிந்துவிடவில்லை; முடிந்தவற்றோடு ஒரே தூணியில் சுமந்தான். செப்பம் பெறுமுன்பே அவை அவனுடைமை. நாமும் தகுதி பெற்றபின் அவனுக்கு உடைமையாகிறோம் அல்லோம். உடைமையாகையாலே தகுதி பெறுகிறோம்.

ஆகில் ஆத்மா கொம்பைப்போலே அசேதநமோ? அன்று. திருவேங்கடமலையிலே படியாய்க் கிடக்க ஆசைப்பட்ட குலசேகராழ்வார், அங்குக் கிடந்தே அவன் பவளவாயைக் காணவும் ஆசைப்பட்டார். படியின் கிடப்பும் வேண்டும், சேதநனுடைய உகப்பும் வேண்டும் என்பதே அவர் திருவுள்ளம். கொம்பு அறியாமையாலே விலக்காதிருக்கிறது. நாம் அறிந்து விலக்காதிருக்கவேண்டும். பிள்ளை லோகாசார்யர் வற்புறுத்தும் விலக்காமை இதுவே. இது சோம்பலுக்கு இடமன்று. அநுஷ்டாநம் அவனை வாங்கும் விலையன்று. அவன் கைப்பட்டதற்கு நாம் காட்டும் உகப்பு.

ப்ரபந்நனுக்கு உபாயம் எம்பெருமானே. ஆகவே வில்லை வளைப்பவனும், கோலை நிமிர்த்துபவனும், இலக்காய் நிற்பவனும் அவன் ஒருவனே. கோணல் தீரட்டும் என்று காட்டிலேயே காத்திருக்கும் கொம்பு அங்கேயே உலர்ந்துபோம். இன்று இருக்கிறபடியே அவன் தூணியில் புகுவோம்.