எல்லாம் உனக்குத்தானே!

"எல்லாம் உனக்குத்தானே!" நம் கடைகளில் இந்த வார்த்தையைக் கேளாத பிள்ளை இருக்க முடியாது. கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் தகப்பனாரிடம் இருபத்தைந்து வயது மகன் தயங்கித் தயங்கி, "அத்தா, எனக்கு மாதச் சம்பளம் என்று ஏதாவது..." என்று தொடங்குவான். அவர் முடிக்க விடமாட்டார். "சம்பளமா? யாருக்கு யாரப்பா சம்பளம் கொடுப்பது? எல்லாம் உனக்குத்தானே!" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளை மேசை துடைக்கப் போய்விடுவான்.

வணிகச் சகோதரர்களே! இவ்வாறு சொல்லும் தகப்பனார் பொய்யர் அல்லர். அவர் மனமார நம்பியே சொல்கிறார். ஆயினும் அந்த வார்த்தை உண்மைதானா என்று ஒருமுறை ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தகப்பனாரின் கடையில் உழைக்கும் பிள்ளை கூலி கேட்பது நன்றிகெட்ட செயலா? கேளாமலே கொடுப்பது தகப்பனாரின் கடமையா? நம்மில் பலர் இதை மரியாதை பற்றிய பிரச்சினையாக எண்ணி, "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். எனக்கு இது கணக்குப் பிரச்சினையாகத் தோன்றுகிறது.

முதலில் பெரியவர்களின் பக்கத்தைப் பார்ப்போம். இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சைச் சீமையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குச் சேரவில்லை. மாமனோ சிற்றப்பனோ அழைத்து வந்தார். கடையைக் கூட்டினார்கள், தட்டுக் கழுவினார்கள், மாடியிலோ பலகைத் தட்டிலோ பாய் விரித்துப் படுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கல்லாவில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஊர் போய் வந்தார்கள். ஒருவர் போனால் தம்பியோ மைத்துனனோ வந்து அந்த இடத்தை நிரப்பினான். நம்பிக்கைக்கு உரியவன் என்று பெயரெடுத்தவனுக்கு ஒரு நாள் முதலாளியே சரக்கைக் கடனாகக் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிட்டார், அல்லது பாகஸ்தனாகச் சேர்த்துக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லைதான். ஆனால் அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவன் நேற்றுவரை தன்னோடு தட்டுக் கழுவியவன் என்பதைப் பையன் கண்ணாலேயே பார்த்தான். ஆதலால் பொறுத்தான்.

அந்தச் சங்கிலியை அறுத்தது இளைஞர்களின் திமிர் என்று சொல்வது சரித்திரத்துக்கு விரோதம். 1953இல் அமலுக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியவர்களின் வருகையை வெகுவாகச் சுருக்கியது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பிரஜை அல்லாதார்க்கு வேலைப் பத்திரம் கட்டாயமாயிற்று. போய் வருவதும், ஒருவர் இடத்தில் ஒருவர் வருவதும் நின்றன. ஊரிலிருந்து மருமகன் வருவான் என்ற நிலை போய், கடையின் பாரம் இங்கேயே பிறந்து வளர்ந்த சொந்த மகனின் தோளில் விழுந்தது. எழுதாமல் உழைக்கும் வழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முன்பு அந்த உழைப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிந்த பலன், தனிக்கடை, எங்கே போயிற்று? ஒரே கடை, ஒரே கல்லா, சாவி தகப்பனார் இடுப்பில்.

ஜொகூரில் இருக்கும் நமக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ஆனால் 1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றிக்கொள்ளப்பட்டன. அக்கரையில் உழைத்தாலும் இக்கரையில் உழைத்தாலும் நாணயத்தால் வரும் ஆதாயம் இல்லை. இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது. நம் பணமாற்று வியாபாரிகள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்! விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தை நோக்கி விரையும் பையன்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேராசை என்று ஏசுவது எளிது. அக்கரை முதலாளி மாதம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் கடைக்குள்ளேயே பாருங்கள். வங்காள தேசத்திலிருந்து வந்து பாத்திரம் தேய்க்கும் சிப்பந்திக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. மிஞ்சினால் மிகைநேரக் கூலி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைக்கும் பொருந்திவிட்டது. கடையில் மாத முடிவில் கையில் ஒன்றும் எண்ணி வாங்காதவன் ஒருவன் இருக்கிறானென்றால் அவன் முதலாளியின் மகன்தான். கேட்டால் கொடுக்கிறோம், பெட்ரோலுக்குக் கொடுக்கிறோம், பெருநாளுக்குச் சட்டை எடுக்கிறோம் என்பீர்கள். முப்பது வயதில் மனைவிக்குச் செருப்பு வாங்கத் தகப்பனாரிடம் கைநீட்டி நிற்பவனின் மனத்தை யோசித்துப் பாருங்கள். (வார விடுமுறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜொகூரில் 2014இல் வெள்ளி சனி என்று மாறியது. 2025இல் மீண்டும் சனி ஞாயிறாயிற்று. இரண்டு மாற்றமும் நம் சாப்பாட்டுக் கடைப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே நடந்தேறின!)

சரி, கஷ்டம் இருக்கட்டும், கடைசியில் எல்லாம் அவனுக்குத்தானே போகிறது என்று கேட்கலாம். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். எல்லாம் அவனுக்குப் போகாது. போகவும் முடியாது.

நாம் பராயிள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஒருவர் மனைவி, இரு ஆண் மக்கள், இரு பெண் மக்களை விட்டு மரணமடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். சொத்தை 48 பங்காக்கினால் மனைவிக்கு 6, ஆண் மக்களுக்கு ஆளுக்கு 14, பெண் மக்களுக்கு ஆளுக்கு 7. மூத்தவன் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு இருபது ஆண்டுகள் கடையில் நின்றவன். இளையவன் அந்தக் கடையின் வருமானத்தில் படித்துக் கோலாலம்பூரில் இன்ஜினியராக இருப்பவன். இருவருக்கும் 14தான். மூத்தவனுக்குக் கூடுதலாக வஸிய்யத் எழுதலாமே என்றால், வாரிசுக்கு எழுதும் வஸிய்யத் மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. "எல்லாம் உனக்குத்தானே" என்று இருபது ஆண்டுகள் சொல்லிவந்தவர், தம் அதிகாரத்தில் இல்லாத ஒன்றை வாக்களித்து வந்திருக்கிறார்.

சட்டத்தில் குறையா? இல்லை. தகப்பனாரின் சொத்தைப் பங்கிடுவதே அந்தச் சட்டத்தின் வேலை. அதை நீதியாகச் செய்கிறது. கடையில் இருப்பது முழுதும் தகப்பனாரின் சொத்துத்தானா என்பதே கேள்வி. மகன் தந்தையின் குடும்பத்தில் உண்டு உடுத்து அவருடைய தொழிலிலேயே உழைத்தால் சம்பாத்தியம் தந்தையுடையது, மகன் உதவியாளனே என்பது ஹனஃபி நூல்களில் காணும் தீர்ப்பு. வேறு ஒப்பந்தம் பேசிக்கொள்ளாத இடத்துக்கு உரிய தீர்ப்பு இது. பேசிக்கொள்வதை எவரும் தடுக்கவில்லை. நாம்தான் பேசுவதை அவமரியாதை என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

உயிரோடிருக்கும்போதே கடையை மூத்தவன் பெயருக்கு ஹிபாவாக எழுதிவிடலாமே என்பார் சிலர். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸை இவர்கள் நினைவுகூர வேண்டும். அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, நபி பெருமானாரைச் (ஸல்) சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று பெருமானார் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக நிற்க மறுத்துவிட்டார்கள். அன்பளிப்பில் இந்தச் சிக்கல் இருக்கிறது. கூலியில் இல்லை. உழைத்த மகனுக்கு உழைப்பின் விலையைக் கொடுப்பது மற்றப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி ஆகாது. அல்லது மாதச் சம்பளம் கட்டுப்படியாகாத சிறு கடையானால், இன்ன ஆண்டிலிருந்து லாபத்தில் இத்தனை பங்கு என்று பாகஸ்தனாக்கி, வியாபாரப் பதிவிலும் அவன் பெயரைச் சேர்த்துவிடலாம். தகப்பனார் ஒருவர் பெயரிலேயே பதிந்த கடையானால், அவர் கண்மூடியதும் வங்கிக் கணக்கு முடங்கிவிடும். மறுநாள் சரக்கு வாங்க மகன் கடன் கேட்டு அலைவான்.

"பெற்ற பிள்ளையோடு ஒப்பந்தமா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு மத்யன் நகரத்துப் பெரியவரை நினைவூட்ட விரும்புகிறேன். ஷுஐப் நபி என்பர் பலர். உயிருக்கு அஞ்சி ஓடிவந்த மூஸா (அலை) அவர்களிடம் அப்போது ஒன்றுமில்லை. இருக்க இடமும் உண்ண உணவும் கிடைத்தாலே போதும் என்ற நிலை. பலமும் நாணயமும் உடையவர், இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று மகள் சொல்கிறாள். பெரியவர் மகளை மணமுடித்துக் கொடுக்கவும் நினைக்கிறார். மருமகனாகப் போகிறவரிடம், "இங்கேயே இரு, எல்லாம் உனக்குத்தானே" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு ஆண்டு வேலை, பத்தாக்கினால் அது உம் விருப்பம், உம்மைக் கஷ்டப்படுத்த நான் விரும்பவில்லை என்ற கருத்தில் தவணையைத் தாமே முன்வந்து சொன்னார். இளையவர் கேட்குமுன் முதியவர் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். குடும்ப உறவும் கூலி ஒப்பந்தமும் ஒரே வாக்கியத்தில் அங்கே சேர்ந்து நின்றன; இரண்டில் எதற்கும் குறைவு வரவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைத் தவணையோடு எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும் நம்மவர் அறிவர். ஐந்து வெள்ளிப் பற்றைக்கூட விடாமல் குறித்துவைக்கும் நாம், மகனின் இருபது ஆண்டுகளைப் பேரேட்டில் ஒரு வரி எழுதாமல் விட்டிருக்கிறோம்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி வாங்கத் தொடங்கினால் முதலாளி மகன் என்ற சலுகை கழன்றுவிடும். பத்து மணிக்கு எழுந்து வந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு எந்த முதலாளியும் சம்பளம் கொடுக்க மாட்டார். உன் அத்தாவும் கொடுக்க வேண்டியதில்லை. அரிசியைக் கையில் அள்ளியதும் பழையதா புதியதா என்று சொல்வதும், இந்த வாடிக்கைக்காரர் மாதம் பிறந்ததும் கணக்குத் தீர்ப்பார், அந்த மனிதர் இழுத்தடிப்பார் என்று முகத்தைப் பார்த்தே அறிவதும் நேரக் கணக்கில் அடங்காத பாடங்கள். அவற்றைக் கற்றுத்தர வேறு பள்ளி இல்லை. மேலும், வேலையை விட்டுப் போகலாம். தாய் தந்தையரை விட்டுப் போக முடியாது. கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு. அதைச் சொன்ன அன்று மாலை அத்தாவின் மருந்தை வாங்கிக்கொண்டு போகும் கடமையும் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வேலையை விடுகிறவன் வீட்டையே விட்டதுபோல் பழி சுமக்கிறான்.

கைபேசியில் காட்டிப் பணம் செலுத்தும் அட்டையைக் கல்லாவில் ஒட்டுவதா வேண்டாமா என்று ஆறு மாதம் பேச்சுவார்த்தையற்றுப் போன குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அந்தச் சண்டை அட்டையைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கடையில் ஒரு சிறு விஷயத்தையாவது தீர்மானிக்க எனக்கு உரிமை உண்டா என்று மகன் கேட்டிருக்கிறான். உஸாமா பின் ஸைத் (ரலி) இருபது வயதைத் தொடாத நிலையில் படைக்குத் தலைவராக்கப்பட்டபோது மூத்தோர் சிலர் முணுமுணுத்தனர். பெருமானார் தம் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நம் கடை ஒரு படையைவிடப் பெரிதல்லவே! சரக்குக் கொள்முதலையோ இரவு நேர வியாபாரத்தையோ மகன் கையில் முழுதாக விட்டு, லாபமோ நஷ்டமோ ஓராண்டு பார்த்தால் என்ன?

இனி, கழிந்துபோன ஆண்டுகளை என்ன செய்வது? சம்பளமின்றி ஏற்கெனவே உழைத்துவிட்ட மகன்கள் நம்மில் ஏராளம். மரித்தவரின் சொத்தில் அடக்கச் செலவும் கடனும் தீர்ந்த பின்னரே பங்கீடு. ஆகவே, மகனுக்கு நான் இவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தகப்பனார் மெய்யாக ஒப்புக்கொண்டு எழுதுவாரானால் அது பங்குக்கு முந்தி நிற்கும். ஆனால் படுக்கையில் விழுந்தபின், மரண நோயில், வாரிசு ஒருவருக்குச் செய்யும் ஒப்புதலைப் பற்றிச் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உடல் நலமாக இருக்கும்போதே, விவரம் அறிந்த ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் கலந்துகொண்டு செய்ய வேண்டிய காரியம் இது. தொகை எவ்வளவு என்பதில் தர்க்கம் வரும். கடையில் உண்டது, தங்கியது, கல்யாணச் செலவு எல்லாவற்றையும் கழிக்க வேண்டுமென்று சிலர் சொல்வார்கள். கழித்துப் பார்க்கலாம். அந்த நாளில் கோலாலம்பூர்த் தம்பியையும், கட்டிக்கொடுத்த பெண் மக்களையும் அழைத்து உட்கார வையுங்கள். அவர்களுக்கும் கேள்விகள் இருக்கும். பதில் சொல்ல அன்று தகப்பனார் உயிரோடு இருப்பார்.